பச்சை வட்டம்

2017 ஆகஸ்ட் 3. முனைவர் பட்டப் பதிவு. கட்டணம் ரூ. 7,500.
2018 ஏப்ரல் 2. முதல் மாத உதவித்தொகை. ரூ. 25,000.
2020 டிசம்பர் 8. கட்டுரைக்குப் பரிசு. ரூ. 1,46,000.
2021 மே 21, வெள்ளி. தொகை எதுவும் இல்லை.
2021 செப்டம்பர் 14. பரிசுத் தொகை திருப்பி அனுப்பப்பட்டது. ரூ. 1,46,000.
2022 மார்ச் 31. கடைசி மாத உதவித்தொகை. ரூ. 35,000.
2022 ஜூலை 4. கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். மாதம் ரூ. 14,000.
2025 ஜூன் 30. பதிவுக் காலம் முடிவு.

இவை எங்கள் ஊர் அறிவுமதியின் வங்கிப் புத்தகத்திலும் கடிதங்களிலும் ஆய்வுப் பதிவுகளிலும் உள்ள தேதிகள், தொகைகள். நானே பார்த்து எழுதினேன். முப்பத்தாறு ஆண்டுகள் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவனுக்குப் பார்க்காத தேதியை எழுதும் பழக்கம் வராது. நான் இல்லாத இடத்தில் நடந்தவற்றை அங்கே இருந்தவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். யாருடைய பெயரையும் மாற்றவில்லை.

ஊர் குருசடிப்பட்டி. ஆவூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஒரு மாதா கோயில், நூற்றெண்பது வீடுகள். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், பாதி; மற்றவர்கள் பாதி. இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஆண்பிள்ளை குவைத்திலோ கத்தாரிலோ இருப்பான். அதனால் குடிதண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்பே எங்கள் ஊருக்கு ஸ்மார்ட்போன் வந்துவிட்டது.

அறிவுமதி 1993 பிப்ரவரி 11 அன்று பிறந்தார். தகப்பனார் போர்வெல் லாரியில் வேலை பார்த்தவர். கல் தூசு நுரையீரலில் ஏறி 2009இல் இறந்தார். தாய் ராயம்மாள் நான்கு ஆடுகளையும் நூறு நாள் வேலையையும் நம்பி மகளைப் படிக்க வைத்தார். அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்போது பள்ளித் தமிழாசிரியர்தான் பெயர் வைப்பார். அறிவுமதி, அடுத்த வீட்டுச் செம்மல், இரண்டும் அவர் வைத்த பெயர்கள். ஞானஸ்நான ஏட்டில் வேறு பெயர்கள் இருக்கும். அவற்றைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

புதுக்கோட்டையில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, திருச்சிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். சேர்ந்தபோது அவர் எடுத்த தலைப்பு, படங்களைத் தரம் குறையாமல் சுருக்கிச் சேமிப்பது பற்றியது. அது மாறியது 2018 மே மாதம்.

பிள்ளை பிடிப்பவர்கள் இருநூறு பேர் மாவட்டத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ அப்போது போன் போனாக ஓடிக்கொண்டிருந்தது. மே 13, ஞாயிறு, பூசை முடிந்து சனம் கலையும் நேரம். நார்த்தாமலைப் பக்கமிருந்து சைக்கிளில் போர்வை விற்க வந்த வடநாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து மின்கம்பத்தில் கட்டினார்கள். விடுமுறைக்கு வந்திருந்த அறிவுமதி கூட்டத்துக்குள் புகுந்து போனைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த வீடியோ நம்ம ஊருப்பக்கம் எடுத்ததே இல்லை. எங்கயோ நடிச்சு எடுத்தது. முன்னாடி பின்னாடி வெட்டிப்புட்டு அனுப்புறாங்க."

"யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தேன்."

"நாங்க போன்லயே பாத்துட்டம். கம்ப்யூட்டர்ல வேற பாக்கணுமாக்கும்."

கூட்டம் சிரித்தது. போலீஸ் வருவதற்குள் அந்த மனிதரின் இடது கை முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை அவருடைய பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. மறு வாரம் அறிவுமதி தலைப்பை மாற்ற விண்ணப்பித்தார். தமிழில் போன் வழியாகப் பரவும் பொய்ச் செய்திகளைக் கணினி தானே கண்டறிய வழி செய்வது புதிய தலைப்பு.

நெறியாளர் பேராசிரியர் முத்துராஜ் முதலில் தயங்கினார் என்று அறிவுமதி சொன்னார். "இங்கிலீஷ்ல டேட்டா மலை மாதிரி கெடக்கும்மா. தமிழ்ல யாரு குடுப்பா?" என்று கேட்டாராம். "எங்க ஊரு குடுக்கும் சார்" என்றாராம் இவர்.

ஊர் கொடுத்தது. அறுபத்து மூன்று பேர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தங்கள் போனுக்கு வரும் செய்தி எதுவானாலும் அறிவுமதி கொடுத்த ஒரு எண்ணுக்கு அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆய்வில் யாருடைய பெயரும் வரக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு வைத்த விதி. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுக்கப்பட்டது. செம்மலின் தாயார் ஆரோக்கியம்மாளுக்கு 27.

முதல் மாதம் வந்து குவிந்தவற்றில் பாதி காலை வணக்கப் படங்கள். அடுத்தபடியாகச் சர்க்கரை நோய்க்கு மருந்துகள். ஆரோக்கியம்மாள் தினமும் அந்தோனியார் படம் ஒன்றை அனுப்பினார். பதினொரு பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்ட செய்தி வரும் என்று அதன் கீழே எழுதியிருக்கும். அவருக்கு எழுதத் தெரியாது. படத்தோடு சேர்த்துக் குரலிலும் பேசி அனுப்புவார். "அறிவு, சாப்பிட்டியாடி? ஒங்கம்மா ஆடு எங்க கொல்லையிலதான் நிக்குது." அது தானாக இயங்கும் எண், தான் அதில் உட்கார்ந்திருக்கவில்லை என்று அறிவுமதி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "சரி சரி" என்பார் ஆரோக்கியம்மாள். மறுநாளும் பேசுவார்.

வந்த செய்திகளை உண்மை, பொய், தெரியவில்லை என்று மனிதர்கள் முதலில் பிரித்துக் கொடுத்தால்தான் கணினி அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். இந்த வேலைக்கு ஊரிலேயே இரண்டு பேரை அமர்த்தினார். ஒருவர் சரண்யா, கல்லூரியைப் பாதியில் விட்ட பெண். இன்னொருவர் தையல் வேலை பார்க்கும் கண்ணாத்தாள். அறிவுமதி வீட்டுக் கூடத்தில் வேலை நடந்தது. தபால் கொடுக்கப் போன ஒரு நாள் நானே கேட்டது இது.

"இது எங்க மாமா அனுப்புனதுக்கா. இதப் போயி பொய்யின்னு அமுத்தச் சொல்றீங்களே."

"மாமாவைச் சொல்லல சரண்யா. செய்தியைத்தான் சொல்றோம்."

"ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கு அவரு மூஞ்சியில முழிக்க வேணாமா?"

கண்ணாத்தாள் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஒங்க மாமா மூஞ்சியில முழிக்கிறதுக்குப் பொய்யே தேவலடி."

எல்லாரும் சிரித்தார்கள். அறிவுமதி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். மறுநாள் திரையில் அனுப்பியவர் பெயர் தெரியாதபடி மறைத்துவிட்டார். அதற்கு முன் பத்துச் செய்திக்கு ஒன்றைப் பொய் என்று குறித்தவர்கள், பெயரை மறைத்த பிறகு ஆறைப் பொய் என்று குறித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொய் தெரியாமல் இல்லை, மரியாதை தடுக்கிறது என்பது அவருடைய முதல் கட்டுரை. பெயரை எடுத்துவிட்டால் உண்மை வரும் என்று அதில் ஒரு வரி இருந்தது. என்னிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டினார். அன்றைக்கு அது எனக்கும் சரியாகவே பட்டது.

இரண்டாண்டு வேலைக்குப் பிறகு 2020 தொடக்கத்தில் அந்த எண் பதில் சொல்லத் தொடங்கியது. சந்தேகப்படும் செய்தியை அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் வட்டம் ஒன்று வரும். பச்சை என்றால் உண்மை. சிவப்பு என்றால் பொய். மஞ்சள் என்றால் தெரியவில்லை. கொரோனா வந்த வருடம் அது. கசாயம், ஊரடங்கு, தடுப்பூசி என்று வந்த பொய்களுக்கு அளவில்லை. எண்ணுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு ஆவி பிடிப்பதை நிறுத்தியவர்கள் உண்டு. ஊர் அதை நம்பியது.

சாவுச் செய்தி மட்டும் தனிச் சிக்கலாக இருந்தது. எங்கள் பக்கம் அதிகம் சுற்றுவது அதுதான். போட்டோவுக்குக் கீழே கண்ணீர் அஞ்சலி என்று போட்டு வந்துவிடும். சாவு வீட்டுக்கே போன் செய்து உண்மையா என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. கேட்பவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். கணினிக்கும் முகத்தைப் பார்த்துச் செத்தவரா என்று சொல்ல வழியில்லை.

இதற்கு அறிவுமதி கண்ட வழி கோயில் மணி. வேதக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து கோயில்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். கோயில்பிள்ளை என்பவர் மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, கதவு பூட்டுவது எல்லாம் பார்ப்பவர். அப்போது மதலைமுத்து. வீட்டு ஆள் வந்து சொல்லாமல் துக்க மணி ஒலித்ததே இல்லை. எனவே சாவுச் செய்தி ஒன்று வந்தால், மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் உள்ளவர்களிடம் அந்த எண் தானாகவே ஒரு கேள்வி அனுப்பும்: துக்க மணி அடித்ததா? இரண்டு பேர் ஆமாம் என்றால் பச்சை.

கட்டுரையில் இதற்கு மணி விதி என்று பெயர். ஊர் வழக்கத்தைக் கணினிக்குள் கொண்டுவந்த முதல் முயற்சி என்று வெளிநாட்டு மாநாடு ஒன்றில் பரிசு கொடுத்தார்கள். கோயிலில் அறிவித்தார்கள். ராயம்மாள் தெருவுக்கு எலுமிச்சைச் சாதம் கொடுத்தார். தனியார் பல்கலைக்கழகம் ஒன்று அந்தக் கட்டுரையை வைத்தே உதவிப் பேராசிரியர் வேலைக்குப் பேசியது. பட்டம் வாங்கியதும் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள்.

இனி 2021 மே 21. இதை நான் மூன்று பேரிடம் கேட்டு எழுதுகிறேன்: அறிவுமதி, மதலைமுத்து, ஆரோக்கியம்மாளின் பக்கத்து வீட்டுச் சரண்யா. ஊரடங்கு நேரம். வீட்டை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது. சாவை நேரில் வந்து சொல்ல வேண்டாம், போனில் சொன்னால் போதும் என்று பங்குத் தந்தை அனுமதித்திருந்தார்.

செம்மல் அப்போது குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். கொரோனா வந்து அவரை ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். போன் தொழிலாளர் தங்கும் கேம்பின் மேற்பார்வையாளரிடம் தங்கிவிட்டது. இரண்டு நாளில் அவர் படுத்த கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேம்பில் இருந்த ஒருவன் அதைப் பார்த்துவிட்டுச் செம்மல் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி, போட்டோவோடு கண்ணீர் அஞ்சலி போட்டான். சாயங்காலம் அது எங்கள் ஊருக்கு வந்தது.

ஊரில் நான்கு பேர் அதை எண்ணுக்கு அனுப்பினார்கள். நான்கு பேருக்கும் மஞ்சள் வந்தது. அனுப்பியவர்களில் மதலைமுத்துவும் ஒருவர்.

அதே நேரத்தில் வடக்குத் தெருவில் கிழவர் ஒருவர் இறந்தார். வீட்டார் போன் செய்தார்கள். மதலைமுத்து மணி அடித்தார். வழக்கமான நாளாக இருந்தால் கோயில் முன்னால் நாலு பேர் கூடி யாருக்கு மணி என்று கேட்டுக்கொண்டு போயிருப்பார்கள். அன்றைக்குக் கோயில் முன்னால் நாய்கூட இல்லை. செம்மல் போட்டோவைக் கையில் வைத்திருந்தவர்கள் மணியைக் கேட்டார்கள். போனில் கேள்வி வந்தது: துக்க மணி அடித்ததா? இரண்டு பேர் ஆமாம் என்று அமுக்கினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மணி அடித்தது உண்மை. மணிக்குப் பெயர் சொல்லத் தெரியாது என்பதை அறிவுமதி யோசிக்கவில்லை.

மஞ்சள் பச்சையாக மாறியது. முன்பு கேட்ட நான்கு பேருக்கும் புதிய வட்டம் போனது. மதலைமுத்து தன் போனில் பச்சையைப் பார்த்தார். செம்மல் வீட்டில் ஆரோக்கியம்மாளைத் தவிர போன் செய்து சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் சொல்லவில்லை என்று எண்ணிக்கொண்டு, ஜெபம் சொல்லிவிட்டு இரண்டாவது முறை மணி அடித்தார். இந்த முறை கோயில் ஒலிபெருக்கியில் செம்மலின் பெயரையும் வாசித்தார்.

ஆரோக்கியம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரைக்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்பவர். அன்று இரவிலிருந்து ஊசி போடவில்லை, சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சரண்யா ஜன்னல் வழியாகக் கஞ்சி கொடுத்துப் பார்த்தார். குவைத்துக்குப் போன் போட்டு விசாரிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மணி அடித்த பிறகு எதை விசாரிப்பது? கொரோனாச் சாவுக்கு உடல் வராது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் உடலையும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

மே 24 இரவு ஆரோக்கியம்மாள் இறந்தார். மறுநாள் காலை அவருடைய போன் ஒலித்தது. சரண்யா எடுத்தார்.

"ஆத்தா, நான்தான். போன் இப்பத்தான் குடுத்தாங்ய. ஒனக்கு ஒடம்பு எப்பிடி இருக்கு?"

செம்மல் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுக்காரர்களும் கேட்டார்கள்.

குவைத்தில் போட்டோ போட்டவனை ஊர் சபித்தது. அறிவுமதியை யாரும் நினைக்கவில்லை. அவர் திருச்சி விடுதியில் இருந்தார். செய்தி கேட்டதும் எண்ணின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். மஞ்சள், மணி, பச்சை, மறுபடி மணி என்ற வரிசை அதில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. இரண்டாவது மணி அடித்து முடிந்த பிறகு 27ஆம் எண்ணிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. செம்மலின் அதே போட்டோ. கூடவே குரல்.

"அறிவு, இது எம்புள்ள இல்லேல்ல? நீ பாத்துச் சொல்லுடி."

அந்த எண்ணுக்குக் குரலைக் கேட்கத் தெரியாது. படத்தைப் பார்த்தது. பச்சை வட்டம் அனுப்பியது.

ஊரில் உண்மையா என்று வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பேராசிரியர் முத்துராஜிடம் அறிவுமதி எல்லாவற்றையும் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று அறிவுமதி இன்றைக்கும் சொல்கிறார்.

"வருத்தமான விஷயம்தாம்மா. ஆனா ஆயிரத்து நானூறு செய்தியில இது ஒண்ணு. பிழைகள்னு ஒரு பத்தி வரும்ல, அதுல ஒரு வரி போட்டுட்டுப் போயிரு."

"அந்த ஒரு வரியில என்னன்னு சார் எழுதுறது?"

"மணி விதி, அரிதாகத் தவறு செய்யலாம்னு எழுது."

"அரிதா இல்ல சார். ரெண்டு சாவு ஒரே நேரத்துல விழுந்தா எப்பவுமே தப்பாத்தான் சொல்லும். இந்தக் கொரோனாவுல எத்தனையோ நாள் ரெண்டு சாவு விழுந்துச்சு."

கட்டுரையில் பேராசிரியர் பெயரும் இருந்தது. அதைத் திரும்பப் பெற்றால் அவருக்கும் இழுக்கு. அறிவுமதி மாநாட்டுக்கு எழுதித் திரும்பப் பெற்றார். பரிசுத் தொகையில் பாதி ஏற்கெனவே ராயம்மாளின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தது. ஆடுகளை விற்று, சங்கிலியை அடகு வைத்து முழுத் தொகையையும் அனுப்பினார். கட்டுரை போனதால் தனியார் பல்கலைக்கழக வேலையும் போனது. மறு வருடம் மார்ச்சில் பேராசிரியர் நெறியாளர் பொறுப்பை விட்டு விலகினார். நெறியாளர் கையெழுத்து இல்லாமல் உதவித்தொகை வராது.

அறிவுமதிக்கு அப்போதும் ஒன்று மிச்சம் இருந்தது. நடந்ததை முழுதாக, வரிசையாக, பொய்யைப் பிடிக்கச் செய்த கருவியே பொய்யை ஊருக்குள் கொண்டுபோன விதத்தை ஒரு இயலாக எழுத வேண்டும். வேறு யாரும் இதே தவற்றைச் செய்துவிடக் கூடாது. ஆய்வேடு அதற்காகத்தான், பட்டம் பிறகு என்பார். நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை வைத்தது. இறந்தவரைப் பற்றி எழுதுவதற்கு வாரிசின் ஒப்புதல் வேண்டும். வாரிசு செம்மல் ஒருவர்தான்.

செம்மல் 2022 ஜனவரி 16 அன்று ஊருக்கு வந்தார். அவருடைய வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்ப என்னைக் கூப்பிட்டிருந்தார். அந்த நேரத்தில் அறிவுமதி உள்ளே வந்தார்.

"வா பிள்ள. உக்காரு. ஆத்தா இல்லாத வீடு, பால் இல்ல. கடுங்காப்பி போடவா?"

"வேணாம்ணே. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நான் எழுந்தேன். "நீங்க இருங்க பெரியப்பா" என்றார் அறிவுமதி. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் செம்மல் கேட்டார்.

"அப்ப அந்தக் குவைத்துப் பய மேல தப்பு இல்லேங்கிற?"

"அவரு மேலயும் இருக்கு. ஆனா பெரியம்மா என்னையத்தான் கேட்டாங்க."

"கேட்டதுக்கு நீ என்னா சொன்ன?"

"பச்சை வட்டம்."

"நீயா சொன்ன?"

"நான் செஞ்சது சொல்லுச்சு."

"அந்தக் குரல் இருக்கா?"

அறிவுமதி போனை எடுத்து ஓடவிட்டார். செம்மல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு அறிவுமதி ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் பங்கேற்பாளர் எண் 27 என்று அச்சிட்டிருந்தது.

"யாரு இது இருபத்தேழு?"

"பெரியம்மாதாண்ணே. பேரு போடக் கூடாது. விதி."

"எங்க ஆத்தா இருபத்தேழா?" செம்மல் படிவத்தை என் பக்கம் நீட்டினார். "பாருங்க போஸ்ட்மாஸ்டர். ஊர்ல ஒரு பேருக்குக்கூட எங்க ஆத்தா நாதியத்துப் போச்சு. இது எழுதி டாக்டராகுமாம். எங்க ஆத்தா நம்பராக் கெடக்குமாம்." அறிவுமதியைப் பார்த்தார். "எந்திரிச்சுப் போ பிள்ள. அங்கிட்டுப் போ."

அறிவுமதி நின்றுகொண்டுதான் இருந்தார். போய்விட்டார்.

மார்ச்சில் செம்மல் கத்தாருக்குப் போனார். ஸ்மார்ட்போனைச் சரண்யாவிடம் கொடுத்துவிட்டுப் பட்டன் போன் ஒன்றைக் கொண்டுபோனார். அதில் மாதம் ஒருமுறை அறந்தாங்கியில் இருக்கும் அத்தையை மட்டும் கூப்பிடுவார். அதனால் அறிவுமதி தாளில் கடிதம் எழுதினார். 2022 செப்டம்பரில் ஒன்று, 2023 ஏப்ரலில் ஒன்று, 2024 ஜனவரியில் ஒன்று. மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது, 2024 மார்ச் 6 அன்று. நான்கே வரி: "நீ எழுது. தடுக்கலை. ஆனால் எங்க ஆத்தா பேரைப் போட்டு எழுது. மூதாட்டி, பங்கேற்பாளர் இந்த மாதிரி வார்த்தை வந்தால் கையெழுத்து கிடையாது. பேர் தெரியாமல் மணி அடித்ததால்தான் ஆத்தா போச்சு."

அறிவுமதி அந்தக் கடிதத்தைக் குழுவிடம் கொண்டுபோனார். ஐந்து மாதம் கழித்துக் குழு எழுதியது: பங்கேற்பாளரின் பெயரை வெளியிட விதியில் இடமில்லை, வாரிசே கேட்டாலும் இடமில்லை. விதி தவறு என்று அறிவுமதி சொல்லவில்லை. பெயரை மறைக்கும் விதி பலரைக் காப்பாற்றியிருக்கிறது, தன் முதல் கட்டுரையே அதனால் வந்ததுதான் என்றார்.

புதிய நெறியாளர் ஒருவர் கிடைத்தார். அந்த ஒரு இயலை விட்டுவிட்டால் மூன்று மாதத்தில் பட்டம் வாங்கிவிடலாம் என்று அவர் சொன்னார். ராயம்மாளும் அழுதார். நானும் கேட்டேன்.

"அதை விட்டுப்புட்டு மிச்சத்தைக் குடுத்தா என்னம்மா?"

"மிச்சமெல்லாம் அது நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுது பெரியப்பா. அதை மட்டும் குடுத்தா நானும் ஒரு பொய்யை ஃபார்வர்டு பண்ணுன மாதிரிதான்."

2022 ஜூலையிலிருந்து அவர் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறார். கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. அந்த எண்ணை 2021 மே மாதமே நிறுத்திவிட்டார். ஊர்க்காரர்கள் இன்னும் அதற்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்று கண்ணாத்தாள் சொன்னார். பதில் வராவிட்டால் பொய் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்களாம். மதலைமுத்து வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புதிய கோயில்பிள்ளை, வீட்டு ஆள் நேரில் வந்தால் மட்டுமே கயிற்றைத் தொடுகிறார்.

2025 மே மாதம் அறிவுமதி கடைசியாக ஒரு கடிதம் எழுதினார். ஜூன் 30க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும், எட்டாண்டு வேலை போகும் என்பதையும், குழுவின் விதியையும் எழுதி, புதிய படிவம் ஒன்றையும் உள்ளே வைத்தார். கெஞ்சவில்லை. நான் படித்துப் பார்த்துத்தான் உறையை ஒட்டினேன்.

செம்மலின் பதிலில் அந்தப் படிவம் இருந்தது. கையெழுத்தும் இருந்தது. ஆனால் பங்கேற்பாளரின் பெயர் வெளியிடப்படாது என்ற வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்திருந்தார். எண் 27 என்பதையும் அடித்து, மேலே எழுதியிருந்தார்: சூ. ஆரோக்கியம்மாள், குருசடிப்பட்டி. பின்பக்கத்தில் ஒரு வரி: "இந்தப் பேரோட யாரு வேணும்னாலும், எங்க வேணும்னாலும் எழுதிக்கலாம்."

அறிவுமதி அதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அடித்துத் திருத்திய படிவம் செல்லாது, புதிதாக ஒன்று வாங்கி வாருங்கள் என்றார்கள். இன்னும் ஆறு நாள் இருந்தது. கத்தாரில் அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் போட்டுக் கேட்கலாமே என்றேன்.

"அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு பெரியப்பா. இனி என்னன்னு கேக்குறது?" என்றார்.

ஆய்வேட்டின் மற்ற இயல்கள் தட்டச்சு செய்து தயாராக இருந்தன. அவர் கொடுக்கவில்லை. ஜூன் 30 திங்கட்கிழமை அன்று கல்லூரிக்குப் போய் வழக்கம்போல வகுப்பு எடுத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தார். படிவத்தை என்னிடம் கொடுத்தார். பெயரோடு எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

உறையில் ஊர் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. செம்மலின் அந்தக் கடைசிக் கடிதம் குருசடிப்பட்டிக்கு வந்து சேர்ந்த நாள் 2025 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை.